முதல் மாதம் கதை வேண்டாம்: மதுரைக் கல்லூரி நுண்கலை மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளில் நுண்கலை மன்றப் பொறுப்பை ஏற்றிருக்கும் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பலருக்கு என் குரல் தெரியும். போட்டிக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது, "மாஸ்டர், நம்ம பசங்களுக்கு ஒரு மைம் போட்டுக் குடுத்துருங்க" என்று கூப்பிடுவீர்கள். பேசாமல் உடம்பால் மட்டும் நடித்துக் காட்டும் கலைதான் மைம்; அதைச் சொல்லித்தர நானும் வந்துவிடுவேன். வந்து பார்த்தால் ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். கான்செப்ட் முடிவாகியிருக்கும். பாட்டு வெட்டி ஒட்டி பென் டிரைவில் தயாராக இருக்கும். வெள்ளைப் பூச்சுக்கும் கறுப்பு டி-சர்ட்டுக்கும் பணம் ஒதுக்கியாகியிருக்கும். ஒரே ஒரு குறை: இல்லாத தம்ளர் ஒன்றை எடுத்து, குடித்து, இல்லாத மேஜையில் திரும்ப வைக்க அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. வீடு கட்டுமுன் கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்த மாதிரி.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பருவத் தொடக்கத்திலேயே சில வாரங்கள் கொடுங்கள். அந்த வாரங்களில் கதை, இசை, பூச்சு, போட்டி எதுவும் வேண்டாம். கை, முதுகு, கால், மூச்சு, கண் இவை மட்டும் போதும். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் ஏன், எப்படி என்பதற்குத்தான்.

இப்போது நடப்பதை முதலில் பார்ப்போம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, செல்போன் அடிமைத்தனம், பிளாஸ்டிக், விவசாயி, பெண் குழந்தை. எந்தக் கல்ச்சுரல்ஸுக்கு, அதாவது கல்லூரிக் கலைவிழாவுக்குப் போனாலும் இந்த ஐந்தில் மூன்றைப் பார்த்துவிடலாம். இந்த விஷயங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் நடப்பது என்ன? முதல் நிமிடம் சிரிப்பு, இரண்டாம் நிமிடம் விபத்து, வயலின் அழும், ஒருவர் விழுவார், ஐந்து பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஆறு பேரும் திரும்பி நின்று முதுகைக் காட்டினால், டி-சர்ட்டுக்கு ஒரு எழுத்தாக வாசகம் ஒட்டியிருக்கும். வார்த்தை இல்லாத கலை என்று சொல்லிவிட்டு, முடிவை எழுதிக் காட்டுகிறோம். நடுவர்களும் கை தட்டுகிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் இளைஞர் விழா விதிகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மைம் என்றால் அதிகபட்சம் 6 பேர், 5 நிமிடம். மதிப்பிடும் அளவுகோல்களில் கருத்து, படைப்பாற்றல், ஒப்பனை, இசை, ஒட்டுமொத்தத் தாக்கம் ஆகியவை வரும். உடல் நுட்பம் என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஒப்பனைக்கு ஒரு வரி உண்டு. அப்படியிருக்கும்போது பத்து நாளில் எதைத் தயார் செய்வார்கள்? எது பட்டியலில் இருக்கிறதோ அதை. நம் ஊர்க் கல்லூரிகள் தங்களுக்குள் நடத்தும் போட்டிகளும் அதே மதிப்பெண் தாளை நகல் எடுத்துக்கொள்கின்றன. அகில இந்திய விதியை மாற்ற நம்மால் ஆகாது. நம் தாளை மாற்றலாம். அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக வருபவருக்கு முதலில் நிற்கச் சொல்லித் தர வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். இருபது பிள்ளைகளைச் சும்மா நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் இடுப்பில் கை வைப்பார், ஒருவர் ஒரு காலில் சாய்வார், ஒருவர் கூந்தலைச் சரிசெய்வார், இரண்டு பேர் சிரிப்பார்கள். பாதம் இரண்டும் இடுப்பு அகலத்துக்கு, முட்டி பூட்டாமல், தோள் இறங்கி, மூச்சு வயிற்றுக்குப் போய், கண் எதிரே ஒரு இடத்தில். இந்த நிலையில் ஒரு செய்தியும் இருக்கக் கூடாது. சோகமாகவோ சந்தோஷமாகவோ தெரியக் கூடாது. பாரிசில் 1956-இல் பள்ளி தொடங்கிய ழாக் லெக்கோக், விளையாட்டுப் பயிற்சியிலிருந்து நாடகத்துக்கு வந்தவர். அவர் இதற்காகவே உணர்ச்சி காட்டாத நடுநிலை முகமூடியை மாணவர்களுக்கு மாட்டிவிட்டார். முகம் மறைந்துவிட்டால் உடம்பு பொய் சொல்வது பளிச்சென்று தெரியும். நம்மிடம் தோல் முகமூடி இல்லை, பரவாயில்லை. மெல்லிய வேட்டித் துணியால் முகத்தை மூடினாலும் போதும், மூச்சு முட்டாமல், ஒரு சில நிமிடங்களுக்கு, பக்கத்தில் ஒருவர் நிற்க. பாரிசிலேயே 1920-களில் ழாக் கோப்போ நடத்திய நாடகப் பள்ளியில் மாணவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள். அங்கே படித்துப் போனவர்தான் எத்தியன் தெக்ரூ, 1898-இல் பிறந்து 1991 வரை வாழ்ந்தவர், இருபதாம் நூற்றாண்டு மைமின் இலக்கணத்தை எழுதியவர் என்றே சொல்லலாம்.

தெக்ரூவிடம் நமக்கு வேண்டியது ஒன்று: உடம்பைப் பிரித்து அசைப்பது. தலை தனி, கழுத்து தனி, மார்பு தனி, இடை தனி, இடுப்பு தனி. தலையை மட்டும் சாய்த்தால் மார்பு கூடவே போகக் கூடாது. மார்பு வலப்பக்கம் போகும்போது இடுப்பு அங்கேயே நிற்க வேண்டும். முதல் நாள் எவருக்கும் வராது. தலையை அசைக்கச் சொன்னால் இடுப்பு ஆடும். இடுப்பை அசைக்கச் சொன்னால் கையும் சேர்ந்து ஆடும். மூன்றாவது வாரத்தில் வந்துவிடும், தினம் பத்து நிமிடம் செய்தால். இதைச் செய்யும்போது பிள்ளைகள் முனகுவார்கள், "மாஸ்டர், எப்ப மைம் ஆரம்பிப்போம்?" என்று. ஆரம்பித்தாகிவிட்டது என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நான் சொல்வதில்லை. அவர்களுக்குச் சுவர் வேண்டும், இல்லாத சுவரைத் தொட்டுக் காட்டும் வித்தை. சரி, சுவருக்குப் போவோம்.

எல்லாப் பிள்ளைகளும் கண்ணாடிச் சுவரை யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, காற்றில் இங்கும் அங்கும் தடவுவார்கள். பார்க்க ஜன்னல் துடைக்கிற மாதிரி இருக்கும். இதற்கு மருந்து, நிஜச் சுவர். வகுப்பறைச் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொல்ல வேண்டும். கையை அசைக்காமல் உடம்பை மட்டும் முன்னே, பின்னே, பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். முட்டி மடக்கி இறங்கி எழ வேண்டும். கை அங்கேயே நிற்க, முழங்கையும் தோளும் எப்படி மடங்கி நீள்கின்றன என்பதை உடம்பு தானாகப் படித்துக்கொள்ளும். அப்புறம் சுவரிலிருந்து இரண்டடி விலகி நின்று அதையே செய்ய வேண்டும். ஜோடிக்கு நிற்பவர் பேனா முனையை அந்தக் கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வார். கை ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் பேனா காட்டிக்கொடுத்துவிடும். இதை நிலைப்புள்ளி என்று சொல்லிக்கொடுக்கிறேன்: வெளியில் ஒரு புள்ளி அசையாமல் நிற்கும், உடம்பு அதைச் சுற்றி அசையும். கதவுக் குமிழ், பஸ்ஸின் மேல்கம்பி, கிணற்றுச் சுவர், ஜன்னல் கம்பி எல்லாமே இந்த ஒரு புள்ளியிலிருந்து பிறப்பவை. மைமில் பாதி இதுதான் என்பது என் கணக்கு.

அடுத்து விரல். சுவரை நோக்கிப் போகும்போது கை தளர்ந்து, விரல்கள் லேசாக வளைந்து இருக்க வேண்டும். தொடும் நொடியில் விரல்கள் விரியும், உள்ளங்கை தட்டையாகும், அங்கே ஒரு சின்ன நிறுத்தம். எடுக்கும்போது மறுபடி தளரும். எப்போதும் விறைப்பாகவே இருக்கும் கையில் சுவர் தெரியாது. தளர்ந்த கை விறைக்கும் அந்த நொடியில்தான் எதிரே இருப்பவருக்கு ஏதோ தட்டுப்படுகிறது. இன்னொன்று: ஒரு கை நகரும்போது மற்றக் கை இருந்த இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் சுவர் காணாமல் போய்விடும், திரும்ப அதே ஆழத்தில் வைப்பது பழகியவருக்கே கஷ்டம்.

தம்ளர் பாடத்துக்கு நான் எதிரே உள்ள டீக்கடைக்குத்தான் அனுப்புவேன். நம் ஊர்க் கண்ணாடித் தம்ளரில் சூடான டீ வந்தால் யாரும் நடுவில் பிடிப்பதில்லை. மேல் விளிம்பை விரல் நுனியால் பிடிப்பார்கள், சிலர் அடியில் இன்னொரு விரல் கொடுப்பார்கள். முதல் வாய் ஊதிக் குடிப்பார்கள். பாதி ஆனதும் பிடி கீழே இறங்கும், தம்ளர் இன்னும் சாயும், கடைசி வாய்க்குத் தலையும் பின்னால் போகும். இதைப் பார்த்துவிட்டு வந்து, முதலில் நிஜத் தம்ளரோடு பல தடவை, பிறகு அது இல்லாமல். அப்போதுதான் தெரியும், எடுக்கும் முன் விரல்கள் தம்ளரைவிட அகலமாக விரிகின்றன என்று. பிடித்த பிறகு விரல்களுக்கு நடுவே அந்தக் கனம் கடைசிவரை இருக்க வேண்டும். புதியவர்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டும்வரை நெருக்கிவிடுவார்கள், தம்ளர் ஸ்ட்ராவாகிவிடும். வைக்கும்போது அதைவிட மோசம். எடுத்தபோது இருந்த மேஜை உயரம் வைக்கும்போது இருக்காது. அல்லது வைக்குமுன் கையை விரித்துவிடுவார்கள். அடிப்பாகம் பட வேண்டும், விரல் தளர வேண்டும், பிறகுதான் கை விலக வேண்டும். மூன்று தனித்தனிக் காரியங்கள். வகுப்பில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். யாராவது அவசரப்பட்டால், "மாஸ்டர், இவன் தம்ளர் உடைஞ்சிருச்சு" என்று உடனே குரல் வரும். அந்தக் குரல் வரத் தொடங்கிவிட்டால் வகுப்பு தானாக ஓடும். எனக்கு வேலை குறைவு.

போன் பேசுவதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதில் வைப்பார்கள். அந்த மாதிரி ரிசீவர் வைத்த போனை அவர்களில் பலர் வீட்டில் பார்த்தே இருக்க மாட்டார்கள். சட்டைப் பையிலிருந்து அவர்கள் போனை எடுக்கும் விதமும், கட்டைவிரல் திரையில் மேலேறும் வேகமும், வெயிலில் திரை தெரியாமல் கையால் நிழல் கொடுப்பதும் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் நடிக்கச் சொன்னால் எங்கோ பார்த்த சைகை வருகிறது. காதலுக்கு நெஞ்சில் இதய வடிவம், பணத்துக்கு விரல் உரசல், பசிக்கு வயிற்றில் கை. இது ஊமை விளையாட்டு. எதிரே இருப்பவர் விடை கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டு. மைமில் பார்ப்பவர் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது, பார்க்க வேண்டும். சத்தம் வராமல் வாயசைத்து வசனம் பேசுவதும் இந்த வகைதான். முதல் வாரங்களில் என் வகுப்பில் உதடு மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பரதம் கற்ற பிள்ளைகள் வருவார்கள். உடம்பு சொன்னபடி கேட்கும், தாளம் இருக்கும், ஆனால் பூப் பறி என்றால் முத்திரை வந்துவிடும். அழகான முத்திரை. அதில் எந்தப் பூ என்று தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அங்கே கிடையாது. மைமில் காம்பின் தடிமன் வேண்டும். மல்லிகை கட்டும் அம்மாக்களை நம் ஊரில் தேடிப் போக வேண்டியதே இல்லை. வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்பைக் காம்போடு சேர்த்து, ஒரு சுற்று சுற்றி இழுப்பார்கள். கண் பூவில் இருக்காது, பேச்சு பக்கத்துக் கடைக்காரரோடு இருக்கும். அந்தக் கண்ணையும் சேர்த்துச் செய்து காட்டு என்பேன். பரதம் கற்றவர்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். செய்துவிட்டால் அவர்களைப்போல எவரும் செய்ய முடியாது.

எடை. இங்கேதான் பத்து நாள் பயிற்சியின் சாயம் வெளுக்கும். கனமான பொருளைத் தூக்கச் சொன்னால் பல்லைக் கடிப்பார்கள், கை நடுங்கும், கண் பிதுங்கும். கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் லோடுமேன்களை ஒரு காலை நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. முதுகைக் கொடுப்பார்கள், மூட்டை வந்து உட்காரும்போது முட்டி லேசாக இறங்கி ஏறும், ஒரு மூச்சு போகும், பிறகு சின்னச் சின்ன அடிகளாக வேகமாக நடப்பார்கள். நின்றால் கனக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எடை காலிலும் இடுப்பிலும் மூச்சிலும் இருக்கிறது; முகத்துக்குக் கடைசியில்தான் வரும். தெக்ரூ முகத்தையும் கையையும் பின்னுக்குத் தள்ளி நடு உடம்பை முன்னுக்குக் கொண்டுவந்ததன் நியாயம் இந்த வீதியில் அரை மணி நேரம் நின்றால் விளங்கிவிடும். பையன்களை அனுப்பினால் முதலில் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு மனிதர் சுமக்கும்போது படம் பிடிப்பது மரியாதையும் இல்லை; தவிர, வீடியோ கையில் இருந்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும்.

குழுவாகச் செய்ய ஒரே ஒரு பாடம் எடுக்க வேண்டுமென்றால் நான் வடம் பிடிப்பதைத்தான் எடுப்பேன். சித்திரையில் மாசி வீதிகளில் தேர் வரும்போது வடத்தைத் தொடாத மதுரைப் பிள்ளை குறைவு. கயிறு இழுப்பது எல்லா நாட்டு மைம் வகுப்பிலும் உண்டு. நமக்கு அதன் தடிமன் கையிலேயே இருப்பது கூடுதல் வசதி. இரண்டு கைக்கும் நடுவே உள்ள தூரம் மாறக் கூடாது. இழுப்பு இடுப்பில் தொடங்கி, மார்புக்கு ஏறி, கடைசியில்தான் கைக்கு வரும். புதியவர்கள் கையில் தொடங்குவார்கள், உடம்பு வேடிக்கை பார்க்கும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே கயிறு நம்மைத் திரும்ப இழுக்கும். அதற்கு எதிராக எடையைப் பின்காலில் போட்டு நிற்க வேண்டும். ஆறு பேர் ஒரே வடத்தைப் பிடித்தால் அதன் உயரம் ஆறு பேருக்கும் ஒன்றாக ஓட வேண்டும், முன்னால் இருப்பவர் தளர்த்தினால் கடைசி ஆள் தடுமாற வேண்டும். எண்ணிக்கை சொல்லக் கூடாது, இசை போடக் கூடாது. மூச்சுச் சத்தத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். இது ஒழுங்காக வந்த குழுவுக்குப் பிறகு எந்தக் கான்செப்டைக் கொடுத்தாலும் செய்வார்கள். வராத குழுவுக்கு எவ்வளவு நல்ல கான்செப்ட் கொடுத்தும் பலனில்லை.

நின்ற இடத்திலேயே நடப்பதை எல்லாரும் முதல் நாளே கேட்பார்கள். அதை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளுங்கள். கணுக்கால் பலமும், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தெரியாமல் மாற்றும் பழக்கமும் வராமல் அதைச் செய்தால் நிலாநடை (மூன்வாக்) டான்ஸ் ஆகிவிடும். ஏணி, மாடிப்படி, சைக்கிள் எல்லாம் அதற்கும் பிறகு.

கண்ணைப் பற்றிச் சொல்ல நான் வெளிநாட்டுக்குப் போவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா வந்தால் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது. அவர் வழியில் வந்த நாடகம் இன்னும் நம் ஊர்ப் பொட்டல்களில் உயிரோடு இருக்கிறது. அதில் வள்ளி தினைப்புனம் காத்து ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் கட்டத்தைப் பாருங்கள். மேடையில் தினை கிடையாது, பறவை கிடையாது, பின்னால் ஒரு படுதா. நல்ல நடிகை செய்யும்போது முதலில் கண் போகும், பறவை உட்கார்ந்த இடத்தில் நிற்கும், பிறகு கை ஓங்கும், எறிந்த கல்லோடு கண் பயணம் செய்யும், பறந்த பறவையோடு மேலே போகும். வாய் பாடிக்கொண்டிருக்கிறது என்பதால் அதை மைம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் கவலையில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளை ஒரு இரவு அழைத்துப்போய் உட்கார வையுங்கள். பார்வை முன்னே, செயல் பின்னே என்று நான் வகுப்பில் கத்துவதை அந்த ஒரு கட்டம் பேசாமலே கற்றுக்கொடுத்துவிடும்.

பூச்சைப் பற்றி. வெள்ளை முகம் மைமின் அடையாளம் என்று ஆகிவிட்டது. அது எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசின் ஃபுனாம்புல் அரங்கில் ழான் காஸ்பார் தெபுரோ நடித்த பியரோ என்ற வெள்ளை முகக் கோமாளியிலிருந்து. அந்த மரபைப் பின்னாளில் மார்செல் மார்சோ எடுத்துக்கொண்டார். 1947-இல் அவர் உருவாக்கிய பிப் என்ற பாத்திரம்தான் உலகம் முழுக்கப் போன வெள்ளை முகம். அந்தப் பூச்சு ஒரு பாத்திரத்தின் ஒப்பனை. தூரத்தில் உள்ளவருக்கும் முகம் தெரிய உதவும். மார்சோ தெக்ரூவிடம் உடம்பைப் படித்துவிட்டுப் பூசிக்கொண்டார். நாம் பூசிக்கொண்டு பிறகு படிக்கலாம் என்று இருக்கிறோம். பூச்சு ஏறியதும் பிள்ளைகள் முகத்தை மட்டுமே நம்பத் தொடங்கிவிடுகிறார்கள், கழுத்துக்குக் கீழே எல்லாம் செத்துவிடுகிறது. மதுரை வெயிலில் வேர்த்து வழிந்து கண்ணில் இறங்குவதும், மலிவான பூச்சால் மறுநாள் முகம் தடிப்பதும் தனிக் கதை. முதல் பருவம் முழுக்கப் பூச்சு டப்பாவைத் திறக்க வேண்டாம்.

இசையும் அப்படித்தான். பாட்டு ஓடும்போது பிள்ளைகள் உடம்பைக் கேட்பதில்லை, ட்ராக்கில் அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். மௌனத்தில் செய்து பழகியவர்களுக்குப் பிறகு இசை சேர்த்தால் அதன் மேல் ஏறி உட்காருவார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் உங்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஆள் எடுக்கும்போது முகத்தைக் கோணிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பவரைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவரை ஸ்கிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கபடி டீமிலிருந்து இரண்டு பேர், சிலம்பம் சுற்றுபவர் ஒருவர், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்பதால் எந்த ஈவென்டிலும் பெயர் கொடுக்காத தமிழ்வழிப் பிள்ளைகள் வேண்டும். கபடி ஆடுபவருக்கு இடுப்பு ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது. பேசாத பெண் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருப்பார். அவர் கையில் தம்ளர் முதல் வாரத்திலேயே நிற்கும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் நாற்று நட்டிருப்பார்கள், தண்ணீர் இறைத்திருப்பார்கள், மாடு கட்டியிருப்பார்கள். மேடையில் அவர்களுக்குக் கூச்சம் வரும் அதே விஷயம் இந்தக் கலையில் சொத்து.

அவர்களுக்குத்தான் மாலைப் பயிற்சி சரிப்படாது. கல்லூரிப் பஸ் கிளம்பிவிட்டால் ஊருக்குப் போக வழியில்லை. எல்லாப் பயிற்சியையும் நான்கு மணிக்கு மேல் வைப்பதால் ஹாஸ்டல் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் மட்டுமே டீமில் இருக்கிறார்கள், இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும். மதிய இடைவேளையோடு ஒட்டி ஒரு மணி நேரம், வாரம் இரண்டு நாள் போதும். சாப்பிட்டவுடனே வேண்டாம், பயிற்சி முதலில், சோறு பிறகு. போட்டிக்குப் போனால் ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) தருகிறீர்கள், பயிற்சிக்கு வந்தால் வருகைப்பதிவு போய்விடுகிறது. அதை ஒருமுறை துறைத் தலைவர்களோடு பேசுங்கள். பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு செய்ய முடியும். அதற்காகத் தனி உடை வாங்கச் சொல்ல வேண்டாம்.

"பரிசு வருமா?" என்று கேட்பீர்கள். முதல் வருடம் வராமல் போகலாம். எதிர் டீம் வாசகத்தைத் திருப்பிக் காட்டிக் கை தட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வருடத்திலிருந்து நிலைமை மாறும் என்பது என் நம்பிக்கை, உத்தரவாதம் தர மாட்டேன். "மாஸ்டர் தனக்கு வருமானம் தேடுகிறார்" என்றும் ஒருவர் நினைக்கலாம். அதுவும் பாதி உண்மைதான், எனக்கும் வாடகை இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பதில்: ஒரு பருவம் ஒழுங்காகப் பழகிய இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் போதும், அடுத்த ஆண்டுப் புதியவர்களுக்கு நிற்பதையும் சுவரையும் தம்ளரையும் அவரே சொல்லிக்கொடுக்கலாம். கொல்கத்தாவில் ஜோகேஷ் தத்தாவும் நிரஞ்சன் கோஸ்வாமியும் மைமுக்கென்றே தனி அமைப்புகளை உருவாக்கி ஆட்களைப் பழக்கினார்கள். நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், சீனியர் ஜூனியருக்குச் சொல்லித்தரும் வழக்கத்தை ஒரு கல்லூரிக்குள் உண்டாக்க முடியும்.

இனி, நம் தாள். உங்கள் கல்லூரியில் முதலாமாண்டுக்கு நடத்தும் போட்டியில் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள்: ஒருவர் அல்லது இருவர், இரண்டு நிமிடம், ஒரே இடம், ஒரே பொருள். பூச்சும் பாட்டும் கிடையாது. மதிப்பெண்ணில் பாதியை மூன்று கேள்விகளுக்குக் கொடுங்கள்: பொருள் எடுத்த அளவிலேயே கடைசிவரை இருந்ததா, அதன் எடை உடம்பில் தெரிந்ததா, கண் செயலுக்கு முன்னால் போனதா. நடுவராக உட்காரும் தமிழ்த் துறை ஆசிரியரோ கணிதத் துறை ஆசிரியரோ, மைம் படித்திராவிட்டாலும், இந்த மூன்றையும் பார்த்தவுடன் சொல்லிவிட முடியும். கருத்து நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்வதைவிட இது சுலபம். காது கேளாத மாணவர்கள் உங்கள் வளாகத்தில் இருந்தால் அவர்களில் ஒருவரையும் நடுவர் வரிசையில் அமர்த்துங்கள். மைம் அவர்களுடைய சைகை மொழி இல்லைதான், ஆனாலும் உடம்பைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவர்கள் நம்மைவிடப் பழகியவர்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான நேர அட்டவணை போடும்போது இதற்கு இடம் ஒதுக்குங்கள். ஆடிட்டோரியம் வேண்டாம், அது எப்போதும் யாராவது ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். பெஞ்சை ஓரம் தள்ளக்கூடிய ஒரு வகுப்பறை, பெருக்கிய தரை, ஓடுகிற ஃபேன், பதினைந்து பிள்ளைகள். மைக்கும் ஸ்பீக்கரும் தேவையில்லை. அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன தடவை அதைத் தேடியே பாதி நேரம் போயிற்று.

அன்புடன்,
உங்கள் மைம் பயிற்சியாளர்களில் ஒருவர்
மதுரை